எதிரி என்னும் சொல்: ஜவ்வாது மலையில் மரமும் குற்றமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையாகத் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு இடையே பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையை வெளியுலகம் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே அறிந்திருக்கிறது. ஒன்று காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம், மற்றொன்று மரம். வானாய்வகம் 1960களின் பிற்பகுதியில் வந்தது. மரத்தின் கதை அதைவிட மிகப் பழையது. முதலில் மலையிலேயே விளைந்த சந்தன மரமும், பின்னர் மலையில் விளையாத, மாநில எல்லைக்கு அப்பால் ஆந்திரக் காடுகளில் பெருமளவில் விளையும் செம்மரமும் இம்மலை மக்களின் பெயர்களைக் குற்றப் பதிவேடுகளில் ஏற்றின. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் அந்த ஏற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதும், தண்டிக்கப்பட்ட ஒருவர் உண்மையில் குற்றம் செய்தவர்தானா என்று ஒரு சமூகம் பொதுவெளியில் வாதிடும் வழக்கம் மலையடிவாரத்து ஊர் ஒன்றின் வழக்கில் முழு வீச்சுடன் நடந்திருக்க, மலைமேல் வாழ்பவர்களுக்கு ஏன் கிட்டவில்லை என்பதும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டியவை.

முதலில் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வது நல்லது. குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழில் எழுதப்படும் தீர்ப்புகள் 'எதிரி' என்றே குறிக்கின்றன. பலர் இருந்தால் 1ஆம் எதிரி, 2ஆம் எதிரி என்று எண் இடப்படும். வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்பவர் என்பதே அதன் சட்டப் பொருள், பகைவர் என்பதன்று. ஆயினும் பேச்சுத் தமிழில் அந்தச் சொல்லுக்குப் பகைவர் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லாததால், தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்தத் தாள் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. நாளிதழ்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கைதான அன்றே ஒருவரைக் 'குற்றவாளி' ஆக்குகின்றன. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக நீதிமன்றம் முடிவு செய்த பிறகே அந்தச் சொல் ஒருவருக்குப் பொருந்தும் என்பதை அவை பொருட்படுத்துவதில்லை. ஆந்திர நீதிமன்றங்களில் இதே நிலையில் நிற்பவருக்குத் தெலுங்கில் 'முத்தாயி' என்று பெயர். தமிழ்க் காதுக்கு ஒரு பாட்டியின் பெயரைப் போல ஒலிக்கும் அந்தச் சொல்லால் தம்மையே குறிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளவே மலைவாசி ஒருவருக்குச் சில வாய்தாக்கள், அதாவது வழக்கு ஒத்திவைக்கப்பட்ட அமர்வுகள், தேவைப்பட்டிருக்கும்.

ஜவ்வாது மலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளிகள் என்னும் பட்டியல் பழங்குடியினர். மலையை ஆள்பவர்கள் என்னும் பொருளில் அமைந்த இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. மலை பல 'நாடு'களாகப் பகுக்கப்பட்டிருந்தது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. நாட்டுக்கு ஒரு நாட்டாரும் ஊருக்கு ஓர் ஊர்க் கவுண்டரும் இருந்து, களவு, எல்லைத் தகராறு, மணமுறிவு போன்றவற்றை ஊர்க் கூட்டத்தில் விசாரித்து அபராதம் விதித்தனர். அந்த முறையைப் பொற்காலமாக வருணிக்க வேண்டியதில்லை. பெண்களின் குரல் அதில் மெலிந்தே ஒலித்தது, அபராதம் கட்ட முடியாதவர் ஊரை விட்டு விலக்கப்படவும் கூடும். ஆனால் குற்றம் சாட்டுபவரும் சாட்டப்படுபவரும் விசாரிப்பவரும் ஒரே மொழி பேசினார்கள், களவு போனதாகச் சொல்லப்படும் பொருள் யாருடையது என்பதில் அவர்களுக்குள் ஐயம் இருக்கவில்லை.

அந்த இரண்டாவது தெளிவைக் குலைத்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். பிரித்தானிய இந்திய வனத்துறையின் தலைவராக இருந்த டீட்ரிக் பிராண்டிஸ் சென்னை மாகாணத்துக்கு வந்து காடுகளை ஆராய்ந்து அளித்த ஆலோசனைகளின் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட இச்சட்டம், அரசு அறிவிக்கை செய்யும் காடுகளை 'காப்புக்காடு' என்று வரையறுத்தது. காப்புக்காடு என்பது, சட்டம் அனுமதித்தவை தவிர நுழைதல், மேய்த்தல், வெட்டுதல், எரித்தல் ஆகிய அனைத்தும் குற்றமாகும் நிலப்பகுதி. அறிவிக்கைக்கு முன் ஓர் அலுவலர் வந்து மக்களின் உரிமைக் கோரிக்கைகளைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஏற்பாடு சட்டத்தில் இருந்தது. ஆனால் குறித்த காலத்துக்குள் எழுத்தில் கோரிக்கை வைக்க வேண்டும் என்பது எழுத்தே இல்லாத ஊர்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. சாமை விதைத்து, தேனும் புளியும் கடுக்காயும் சேகரித்து வாழ்ந்தவர்களின் அன்றாடத்தில் ஒரு பகுதி, ஒரே ஒரு அரசிதழ் அறிவிப்பால் குற்றமாக மாறியது.

சந்தன மரத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. மைசூரில் திப்பு சுல்தான் காலத்திலிருந்தே சந்தனம் அரசரின் மரம்; தமிழ்நாட்டிலும் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம்கூட நெடுங்காலம் அரசுக்கே உரியதாக இருந்தது, தனியார் அதை வளர்த்துச் சொந்தம் கொண்டாட வழிவிட்ட சட்டத் திருத்தம் 2002இல்தான் வந்தது. ஆகவே தன் கொல்லையில் சந்தனக் கன்று ஒன்றைக் கண்ட மலைவாசி அதை வளர விடுவதைவிடக் கிள்ளி எறிவதே பாதுகாப்பு என்று நினைத்ததில் வியப்பில்லை. மரத்தின் மதிப்பு வைரம் பாய்ந்த உட்பகுதியில் இருக்கிறது. புற வெள்ளை மரத்துக்கு மணமில்லை. வேரிலும் எண்ணெய் இருப்பதால் மரத்தை அடியோடு தோண்டி எடுத்து, வெள்ளையைச் செதுக்கித் தள்ளி, வைரத்தைத் தனியே பிரிப்பார்கள். எவ்வளவு ஆழத்தில் வெள்ளை முடிந்து வைரம் தொடங்குகிறது என்பதைக் கோடரியின் ஓசையிலும் சிராயின் நிறத்திலும் அறியும் திறன் கைப்பழக்கத்தால் மட்டுமே வருவது. அந்தத் திறனை வனத்துறையும் வேண்டியது, கள்ளக் கடத்தலும் வேண்டியது. திருப்பத்தூரில் உள்ள அரசுச் சந்தனமரக் கிடங்கில் தரம் பிரித்து ஏலம் விடப்பட்ட கட்டைகளும் இரவோடு இரவாக மலையிறங்கிய கட்டைகளும் ஒரே விதமான கைகளால் செதுக்கப்பட்டவை. பகலில் வனத்துறையின் தினக்கூலியாகவும் இரவில் எதிரியாகவும் இருப்பது ஒருவருக்கே நேரக்கூடிய நிலையாக இருந்தது.

வன வழக்குகளில் குற்றத்தை மெய்ப்பிக்கும் முறையிலும் ஒரு சாய்வு உண்டு. வழக்கமான குற்ற வழக்கில் ஐயத்தின் பயன் எதிரிக்கே போக வேண்டும். ஆனால் வனப் பொருள் ஒன்று அரசுடையதா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அது அரசுடையது என்றே அனுமானிக்க வேண்டும் என்று 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 69ஆம் பிரிவில் கூறுகிறது. இதைவிட நுட்பமானது ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய விதி. காவல் அலுவலரிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதலை அவருக்கு எதிராகச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் வகுத்த பாதுகாப்பு. அடித்து வாங்கும் வாக்குமூலங்களைக் கண்டு அஞ்சியே அன்றைய ஆங்கில அரசு இதைச் செய்தது. வன அலுவலர் 'காவல் அலுவலர்' ஆகார் என்று நீதிமன்றங்கள் சில தீர்ப்புகளில் கொண்டதால், ரேஞ்சரின் முன் பதிவான வாக்குமூலத்துக்கு இந்தத் தடை பொருந்தாமற்போக இடம் ஏற்பட்டது. காவல் நிலையத்தில் செல்லாத ஒப்புதல் வனச்சரக அலுவலகத்தில் செல்லுபடியாகும் என்றால், காட்டோரம் வாழ்பவருக்கும் நகரத்தில் வாழ்பவருக்கும் ஒரே சட்டம்தான் என்று சொல்வது கடினம்.

சந்தன மரத்தைச் சாக்காகக் கொண்ட குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இதே மலையாளிப் பழங்குடியினர் வாழும் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி சான்று. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் அவ்வூரைச் சூழ்ந்து, ஊரே சந்தனக் கடத்தல்காரர்களின் கூடாரம் என்று கூறித் தாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்களும் சிறுவர்களும் உட்படப் பலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த பிறகு, குற்றம் சாட்டப்பட்ட அலுவலர்கள் 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில், 2023இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மரத்தின் பெயரால் நடந்த வழக்குகளில் எதிரிக் கூண்டில் நிற்பவர் யார் என்பது தலைகீழாக மாறிய அரிய நிகழ்வு இது. அதற்கும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

1990களுக்குப் பின் சந்தனம் அருகியது. மலையின் கோடரிகளுக்கு வேறு மரம் தேடி வந்தது. ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல் மாவட்டங்களைச் சார்ந்த குன்றுகளில் பெருமளவில் இயற்கையாக வளரும் செம்மரம், சீனத்தில் மரபு வழி மரச்சாமான்களுக்கும் சப்பானில் நரம்பிசைக் கருவிகளுக்கும் விரும்பப்படுவது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இடம்பெற்றிருப்பது. இதிலும் வெள்ளையைச் செதுக்கி வைரத்தை மட்டும் சுமக்க வேண்டும், இரவில் வெட்ட வேண்டும், செங்குத்துப் பாறைகளில் தோளில் சுமந்து இறங்க வேண்டும். சந்தனத்தில் பழகிய கை அதற்குப் பொருத்தமாக இருந்தது. மலையிலும் அடிவாரத்திலும் 'மேஸ்திரி' எனப்படும் ஆள்பிடிப்பவர் முன்பணம் கொடுத்து ஆட்களைச் சேர்ப்பார். கட்டையின் எடைக்கேற்ப நாட்கூலியைவிடப் பல மடங்கு பணம் பேசப்படும். கட்டட வேலை, கரும்பு வெட்டு, காப்பித் தோட்ட வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள், தெரிந்தே போனவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை மறைத்து எழுதுவது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. மரம் வெட்டியது குற்றம்தான், ஆனால் அந்தக் குற்றத்துக்குச் சட்டம் விதித்த தண்டனை சிறை, சாவு அன்று. இதற்கிடையே, பறிமுதல் செய்து குவித்து வைத்த அதே கட்டைகளை ஆந்திர அரசு 2014இல் உலகளாவிய மின்னணு ஏலத்தில் விற்றது.

2013 டிசம்பரில் திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காட்டில் ரோந்து சென்ற வனத்துறையினர் தாக்கப்பட்டு அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து தமிழகத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகப் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ முந்நூறு பேர் ஒரே கொலை வழக்கில் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் கணிசமானோர். ஒருவரை இருவர் கொன்றார்கள் என்றால் யார் அடித்தார், யார் பிடித்தார் என்று சாட்சி சொல்ல முடியும். இருவரை முந்நூறு பேர் கொன்றார்கள் என்னும்போது, சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவராக இருந்தாலே கூட்டத்தின் குற்றம் அனைவரையும் சாரும் என்ற கோட்பாட்டின் துணையின்றி வழக்கே நிற்காது. அந்தக் கோட்பாட்டுக்கும்கூட, குறிப்பிட்ட அந்த நபர் அந்த இரவில் அந்தக் காட்டில் இருந்தார் என்பதைக் காட்ட வேண்டும். அடையாளம் காட்டும் சாட்சி அதற்கு வலுவாக இல்லை. 2016இல் திருப்பதி நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது. அதற்குள் பலர் ஈராண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்கள். பிணை கிடைத்தாலும் பிணையாளாக நிற்க உள்ளூர்ச் சொத்துடையவர் வேண்டும் என்ற நிபந்தனை, சேஷாசலத்தில் உறவினர் எவரும் இல்லாத ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர்க்காரருக்குப் பூட்டின் மேல் பூட்டு. விடுதலைத் தீர்ப்பால் கொலையுண்ட இரு அலுவலர்களின் குடும்பங்களுக்கும் விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்நூறு பேரைப் பிடித்த புலனாய்வு, கொன்றவர் ஒருவரைக்கூட மெய்ப்பிக்கவில்லை.

அந்த வழக்கு நிலுவையில் இருந்தபோதே 2015 ஏப்ரல் 7 வந்தது. அன்று அதிகாலை, திருமலையின் அடிவாரமான ஸ்ரீவாரிமெட்டுக்கு அருகிலுள்ள காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புக்கென அமைக்கப்பட்ட சிறப்புப் படை இரண்டு இடங்களில் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலை ஊர்களிலிருந்தும் அடிவாரத்துக் கண்ணமங்கலம் சுற்றுப்புறத்திலிருந்தும் போனவர்களும் அவர்களில் இருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகப் படை கூறியது. முந்திய நாளே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள்தாம் மறுநாள் பிணமாகக் கிடந்தார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வாக்குமூலம் அளித்தனர். அவர்களில் ஒருவர் பேருந்தில் ஒரு பெண்ணின் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்ததால் அப்பெண்ணுடன் வந்தவர் என்று கருதி விடப்பட்டவர். உடல்களுக்கு அருகே கிடந்த கட்டைகளில் பழைய வண்ணக் குறிகள் இருந்ததையும், காயங்கள் மிக அருகிலிருந்து சுட்டதைக் காட்டுவதையும் மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 'என்கவுன்டர்' சாவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவதும் தொடர்பற்ற அமைப்பு ஒன்று புலனாய்வு செய்வதும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்து அப்போது ஏழு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

இங்கே சட்டத்தின் ஒரு சிறு விதி பெரும் விளைவைக் கொண்டது. எதிரி இறந்தால் அவர் மீதான வழக்கு அற்றுப்போகும். இறந்த 20 பேரும் கடத்தல்காரர்களாகவும் தாக்க வந்தவர்களாகவும் பதிவேட்டில் இடம்பெற்றார்கள். ஆனால் அந்தப் பதிவு சரியா என்று எந்த நீதிமன்றமும் அவர்களை வைத்து இனி விசாரிக்க முடியாது. தண்டனை முடிந்துவிட்டது, விசாரணைதான் நடக்கவில்லை.

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரமான செங்கம் வட்டாரம், காலத்தால் முற்பட்ட பல்லவர் கால நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதி என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. போரில் பட்ட வீரனுக்கு எடுக்கப்படும் நினைவுக்கல்லே நடுகல். இப்பகுதிக் கற்களில் பல 'தொறு' எனப்படும் ஆநிரையை ஒட்டிய பூசல்களில் இறந்தவர்களுக்கு உரியவை. அரசனின் ஆட்சியாண்டு, இறந்தவன் பெயர், அவன் யாருடைய ஆள், எந்தப் பூசலில் இறந்தான் என்பவை நாலைந்து வரிகளில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கு மட்டுமின்றிக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் நடப்பட்டது. தமிழிலக்கணம் முன்னதைக் கரந்தை என்றும் பின்னதை வெட்சி என்றும் பெயரிட்டு இரண்டையும் புறத்திணையாகவே வைத்தது. களவைக் களவென்றும் சாவைச் சாவென்றும் பதிவு செய்ய அந்தக் காலத்துக்கு இயன்றிருக்கிறது.

தண்டிக்கப்பட்டவரின் குற்றம் பற்றிப் பொதுமக்கள் வாதிடும் வழக்கம் தமிழில் ஆவணப் படங்களோடு தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கொலைச்சிந்து என்னும் சிறு நூல்கள் மலிவுத் தாளில் அச்சாகிச் சந்தைகளிலும் ரயில்களிலும் பாடி விற்கப்பட்டன. சென்னை குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் குஜிலி நூல்கள் என்றும் இவை அழைக்கப்பட்டன. நடந்த கொலையை ஊர், நாள், ஆயுதம் உட்பட விவரித்துப் படிப்பினை சொல்லி முடிக்கும் இவ்வகையில் ஐயத்துக்கு இடம் குறைவு. எதிர்த்திசை வாதம் வலுத்தது லட்சுமிகாந்தன் கொலை வழக்கில். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த அந்தப் பத்திரிகையாளரின் கொலைக்காக எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்த இடைக்காலம் முழுவதும் தமிழ்நாடு அவர்களின் குற்றத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசியது. பேசியதற்குக் காரணம் சான்றுகள் அல்ல. பாகவதரின் குரலை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

ஜவ்வாது மலையை அடுத்த ஏலகிரியின் அடிவாரத்திலுள்ள ஜோலார்பேட்டை, இவ்வகை வாதத்தின் மிக நீண்ட நிகழ்வுக்கு ஊராயிற்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில், 19 வயதில் கைதான பேரறிவாளன் அவ்வூர்க்காரர். பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் எதிரிகள் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்து, பேரறிவாளன் உள்ளிட்ட நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. தடா எனப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், காவல் கண்காணிப்பாளர் பதிவுசெய்யும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. தடாவின் கீழான பயங்கரவாதக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றமே கூறியபோதும், அச்சட்டத்தின்படி பெற்ற ஒப்புதல் மற்றக் குற்றங்களுக்குச் சான்றாக நீடித்தது. பேரறிவாளனுக்கு எதிரான மையப் பொருள் அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு 9 வோல்ட் மின்கலங்கள். அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் கூறிய பகுதியைத் தாம் உள்ளபடி பதிவு செய்யவில்லை என்று, அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் கண்காணிப்பாளர் வி. தியாகராஜன் 2013இல் வெளியான 'உயிர்வலி' என்னும் ஆவணப் படத்தில் கூறினார். 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தார்.

அமெரிக்காவில் எரல் மாரிஸ் 1988இல் எடுத்த 'தி தின் புளூ லைன்' என்ற ஆவணப் படம், காவலர் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டிருந்த ராண்டல் ஆடம்ஸ் மறு ஆண்டே விடுதலையாகக் காரணமாயிற்று. 2015இல் உலகமே பார்த்த 'மேக்கிங் எ மர்டரர்' அதன் நாயகரை விடுவிக்கவில்லை. 'உயிர்வலி'யின் விளைவு இரண்டுக்கும் நடுவில் உள்ளது. கருணை மனுவைப் பரிசீலிப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்காக 2014 பிப்ரவரியில் பேரறிவாளனின் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இரண்டு தீர்ப்புகளும் மின்கலத்தைப் பற்றியவையல்ல. அவர் குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. மக்கள் மன்றத்தில் வென்ற வாதம் நீதிமன்றத்தில் கேட்கப்படாமலே அதன் பயன் மட்டும் வேறு வழியில் வந்து சேர்ந்தது.

சந்தனக் கடத்தலில் பேர்போன வீரப்பனைப் பற்றி 2023இல் வெளியான இரண்டு தொடர்களும், நெட்ஃப்ளிக்ஸின் 'தி ஹண்ட் ஃபார் வீரப்பன்', ஜீ5இன் 'கூச முனிசாமி வீரப்பன்', சந்தனக் காட்டை மீண்டும் வீட்டுத் திரைக்குக் கொண்டுவந்தன. அவரைத் தேடிய அதிரடிப்படையின் சித்திரவதைக் கூடங்களைப் பற்றி ஊர்மக்கள் அவற்றில் பேசியது பயனுள்ளதுதான். நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பின் தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது பலருக்கு அப்போதுதான் தெரியவந்திருக்கும். ஆனாலும் இவ்வகைப் படத்துக்கு ஒரு முகம் வேண்டும், அந்த முகத்துக்கு ஒரு மீசையோ ஒரு தாயோ வேண்டும். 1ஆம் எதிரியைப் பற்றி நான்கு பாகங்கள் எடுக்கலாம். 214ஆம் எதிரியைப் பற்றி எடுப்பவர் இல்லை. 2021இல் வெளியான 'புஷ்பா' சேஷாசலத்துச் செம்மரக் கூலி ஒருவன் கடத்தல் தலைவனாக உயர்வதைக் கொண்டாடியது; அந்தப் பாத்திரத்துக்காக நடிகர் அல்லு அர்ஜுனுக்குத் தேசிய விருது வழங்கப்பட்டது. அதே காட்டில் அதே வேலைக்குப் போனவர்களுக்கு 2016இல் ஆந்திர அரசு வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியிருந்தது.

திருப்பதி வழக்கில் விடுதலையானவர்கள் மலைக்குத் திரும்பியபோது சிலருடைய நிலம் அடகில் இருந்தது, சிலருடைய பிள்ளைகள் பள்ளியை விட்டிருந்தார்கள்; வழக்கறிஞர் செலவுக்கு வாங்கிய கடனும், மேஸ்திரி கொடுத்த முன்பணமும் அப்படியே இருந்தன. தவறான வழக்கில் சிறையிருந்தவர்களுக்கு அரசே இழப்பீடு வழங்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்படி ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. தக்க காரணமின்றிக் கைதானவருக்கு, கைது செய்யத் தூண்டிய புகார்தாரர் இழப்பீடு தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 358ஆம் பிரிவு கூறியது. காவல்துறை தானாகவே கைது செய்திருந்தால் அதுவும் பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தின் 399ஆம் பிரிவும் அந்த இழப்பீட்டின் பழைய உச்சவரம்பை மாற்றவில்லை. அது ஆயிரம் ரூபாய்.